கண்ணடிக்கும் மவுஸ்

எங்கள் கடையில் ஒரு பழைய டெஸ்க்டாப் இருக்கிறது. காகிதக் கட்டுகளுக்கு நடுவே ஒரு குட்டை அலமாரி மேல் உட்கார்ந்திருக்கும். கடையில் எல்லோரும் அதைப் ‘பெரியவர்’ என்றுதான் சொல்வோம். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 4 ஜிபி ராம், 120 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று, கோப்புகளுக்கு 2 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று. டெபியன் 12 என்ற லினக்ஸ் போட்டு, கோப்புகளைப் பகிர்ந்து தரும் சம்பா வைத்து, மற்ற மூன்று விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கும் பொதுக் கிடங்காக ஓடுகிறது. கணக்கு எழுதுவதும் பெரியவரைப் பார்த்துக்கொள்வதும் என் வேலை. டிசைன், வாடிக்கையாளர், கடன் வசூல் எல்லாம் வீட்டுக்காரர்.

சிவகாசியில் டிசைன் கடை நடத்துகிறவர்களுக்கு ஆடி மாதம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பங்கள் வெளியாகும். அதற்கு முன்பே முருகனுக்கு இரண்டு போஸ், லட்சுமிக்கு மூன்று போஸ், குழந்தைப் படம், இயற்கைக் காட்சி என்று கோப்புகள் குவிந்துவிடும். ஒவ்வொன்றும் 300, 400 எம்பி. ஒன்று தொலைந்தாலும் திரும்பச் செய்ய இரண்டு நாள். அதனால் தினமும் இரவு 2 மணிக்கு ஒரு ஸ்கிரிப்ட் (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) எழுந்து, பெரியவரின் முன்பக்கம் செருகியிருக்கும் இரண்டரை அங்குல யுஎஸ்பி டிஸ்கை மவுன்ட் செய்து, அதாவது பயன்பாட்டுக்கு இணைத்து, ஆர்சிங்க் என்ற நகல் கருவியை வைத்துப் புதிய கோப்புகளை அதில் நகலெடுத்து, அன்மவுன்ட் செய்துவிட்டுத் தூங்கப் போகும். நான் எழுதிய ஸ்கிரிப்ட்தான், இருபத்தெட்டு வரி.

மாதத்தில் இரண்டு மூன்று நாள் இந்த நகல் பாதியில் நின்றுபோகும். மறுநாள் ஒழுங்காக ஓடும். ஸ்கிரிப்ட் எழுதி வைக்கும் குறிப்பில் ‘இன்புட் அவுட்புட் எரர்’ என்று நாலைந்து வரி இருக்கும், அவ்வளவுதான். சீசன் நேரத்தில் மறுநாள் ஓடுகிறதே என்று விட்டுவிட்டேன். ஆடி முடிந்து கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்ததும், சரி, என்னதான் நடக்கிறது என்று பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். கடைசியாக நகல் நின்றது பன்னிரண்டு நாளுக்கு முந்தைய இரவு. அன்று 2 மணி சுமாருக்கு, லினக்ஸின் மையமான கெர்னல் என்ன சொன்னது என்று தெரிந்தால் போதும்.

டெபியன் 12இல் நடப்பதையெல்லாம் பதிந்து வைக்கும் சிஸ்லாக் கோப்பு பழைய மாதிரி தானாக வருவதில்லை, எல்லாம் ஜர்னல் என்ற பதிவேட்டில்தான். என் லேப்டாப்பிலிருந்து, இன்னொரு கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்தே இயக்க உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போய், அந்தத் தேதியைக் கொடுத்து ஜர்னலைக் கேட்டேன். ஒன்றுமே இல்லை. இருப்பதிலேயே பழைய வரி ஒன்பது நாளுக்கு முந்தையது.

தப்பு என் மேல்தான். எஸ்எஸ்டி சின்னது, ஜர்னல் அதைச் சாப்பிட வேண்டாம் என்று முன்பு ஒருநாள் அதன் அளவை 50 எம்பிக்கு மேல் போகாமல் கட்டி வைத்திருந்தேன். ஆனால் சும்மா கோப்பு பரிமாறும் ஒரு பெட்டிக்கு 50 எம்பி என்பது மாதக்கணக்கில் தாங்க வேண்டும். ஒன்பது நாளில் எப்படித் தீர்ந்தது? கடைசி நூறு வரிகளை எடுத்துப் பார்த்தேன்.

‘யுஎஸ்பி 1-3: யுஎஸ்பி டிஸ்கனெக்ட், டிவைஸ் நம்பர் 45.’ அடுத்த வரி, ‘யுஎஸ்பி 1-3: நியூ லோ-ஸ்பீட் யுஎஸ்பி டிவைஸ் நம்பர் 46.’ அப்புறம் அதன் விற்பனையாளர் எண், பொருள் எண், பெயர், தயாரிப்பாளர் பெயர். அப்புறம் இன்புட் சாதனமாகச் சேர்த்துக்கொண்ட வரி ஒன்று, மவுஸ், கீபோர்ட் வகைச் சாதனங்களுக்கான ஹெச்ஐடி வரி ஒன்று. ஆக மொத்தம் எட்டு வரி. ஒரு நிமிடம் கழித்து 46 போனது, 47 வந்தது. இன்னொரு நிமிடம் கழித்து 48. திரையை மேலே தள்ளத் தள்ள இதே எட்டு வரிதான். 127 வரை போய், மறுபடி சின்ன எண்ணுக்குத் திரும்பி, மறுபடி 127. யுஎஸ்பியில் முகவரிக்கு ஏழு பிட்தான் உண்டு, அதற்கு மேல் எண்ண முடியாது. ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு முழுச் சுற்று.

யார் இந்தப் புண்ணியவான் என்று பார்த்தால், மவுஸ்.

பெரியவரின் தலைமேல் சும்மா கிடக்கும் மவுஸ். யாரும் தொடுவதில்லை. திரைகூட எப்போதாவதுதான் மாட்டுவோம். சாதாரண ஆப்டிகல் மவுஸ், 300 ரூபாய்க்குள் வாங்கியது. கம்பெனி பெயர் வேண்டாம், இந்த மாதிரிக் குணம் பல பெயர்களில் விற்கும் மவுஸ்களுக்கு உண்டு என்பது பிற்பாடு தெரிந்தது.

இன்புட் வரியில் இருந்த எண் என்னைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்தது. டிவைஸ் நம்பர் 127இல் மடங்கிவிடும். ஆனால் கெர்னல் ஒவ்வொரு இன்புட் சாதனத்துக்கும் தரும் எண் மடங்குவதில்லை, ஏறிக்கொண்டே போகும். அது 40,398 என்று காட்டியது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடைக்காகப் பெரியவரை அணைத்து எழுப்பி 29 நாள் ஆகியிருந்தது. கணக்கு எழுதுகிற கை சும்மா இருக்குமா? வகுத்தேன். ஒரு நாளைக்கு 1,393 முறை. 86,400 வினாடியை அதால் வகுத்தால் 62 வினாடி. அதாவது ஒரு மாதமாக, ராத்திரி பகல் பார்க்காமல், 62 வினாடிக்கு ஒரு தடவை இந்த மவுஸ் வெளியே போய் உள்ளே வந்திருக்கிறது. நாளொன்றுக்குப் பதினோராயிரம் வரி.

இதனால் டிஸ்க் நிரம்பிப் பெட்டி நின்றுபோகும் என்று பயப்படத் தேவையில்லை. ஜர்னலே ஒரு வரம்புக்குள்தான் நிற்கும். எனக்கு வேண்டிய அந்த ஒரு வரியை இந்தப் பதினோராயிரம் வரி தள்ளிக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே விட்டுவிட்டதுதான் எரிச்சல். அதோடு ஒரு சந்தேகமும் வந்தது. நகலெடுக்கும் டிஸ்க்கும் யுஎஸ்பி, மவுஸும் யுஎஸ்பி. இது இப்படி ஓயாமல் அறுந்து அறுந்து ஒட்டுவதால்தான் அதுவும் நடுவில் விழுகிறதோ? அது தப்பு என்று பிறகு தெரிந்தது, ஆனால் அன்று அதை முழுசாக நம்பினேன்.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். மவுஸை வேறு போர்ட்டில் மாற்றினேன். 1-3 என்பது 1-4 ஆனது, அவ்வளவுதான் வித்தியாசம். முதல் எண் பஸ், அதாவது யுஎஸ்பி பாதை, அடுத்தது அந்தப் பஸ்ஸில் எத்தனையாவது போர்ட் என்பது. மாற்றியதும் எண் மாறி அதே பாட்டு தொடர்ந்தால் போர்ட் மேல் குற்றமில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அடுத்து, மின்சாரத்தை மிச்சம் பிடிக்க யுஎஸ்பி சாதனங்களை உறங்க வைக்கும் ஆட்டோசஸ்பெண்ட். இணையத்தில் தேடினால் பத்தில் ஏழு பேர் இதைத்தான் அணைக்கச் சொல்கிறார்கள். மவுஸுக்கு அது பொதுவாக அணைந்தேதான் இருக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்தது. இருந்தாலும் கெர்னல் எழும்போது படிக்கும் பூட் வரியில் சேர்த்து, அடித்துச் சொல்லி அணைத்தேன்.

அணைத்துவிட்டு, திரையை மாட்டி, வரைகலை டெஸ்க்டாப்பைத் தொடங்கினேன். பெரியவரில் முதலில் முழு டெஸ்க்டாப்போடுதான் டெபியன் போட்டது. 4 ஜிபி ராமில் அது சும்மா உட்கார்ந்து தின்கிறதே என்று வைகாசியில் நிறுத்தி, வெறும் கறுப்புத் திரையோடு எழும்படி மாற்றியிருந்தேன். அன்று ஒரு ஜன்னலில் லாக் (கெர்னல் பதிவு), இன்னொன்றில் பிரவுசர் வைத்துப் பார்க்க வசதியாக இருக்கும் என்று மறுபடி தொடங்கினேன்.

லாக் அமைதியாகிவிட்டது. ஐந்து நிமிடம் பார்த்தேன், பத்து நிமிடம் பார்த்தேன். அரை மணி நேரம் ஒரு வரி வரவில்லை. ஆட்டோசஸ்பெண்ட்தான் காரணம் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டு, டெஸ்க்டாப்பை நிறுத்திவிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். காலையில் வந்து பார்த்தால் ராத்திரி முழுக்க எட்டு எட்டு வரியாக அதே பாராயணம்.

இந்த இடத்தில் பாதிப் பேர் சொல்லும் இன்னொரு வைத்தியத்தையும் சொல்லிவிடுகிறேன். லாகில் அந்த வரிகள் வராமல் வடிகட்டிவிடுவது. பழைய மாதிரி லாக் கோப்பை எழுதும் ஆர்சிஸ்லாக் வைத்திருப்பவர்கள், இன்ன சொல் இருந்தால் எழுதாதே என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். நானும் அந்த யோசனைக்குப் போனேன். என்ன சொல்லை வடிகட்டுவது? ‘யுஎஸ்பி டிஸ்கனெக்ட்’. கை கீபோர்டில் இருக்கும்போதுதான் உறைத்தது. நகலெடுக்கும் டிஸ்க் நடு ராத்திரியில் கழன்றால் கெர்னல் சொல்லும் வார்த்தையும் அதுதானே! பூனை கண்ணை மூடிக்கொண்ட கதை. அந்த யோசனையை அங்கேயே விட்டேன்.

அன்று சாயங்காலம் நல்ல மழை, கரண்ட் போய்விட்டது. கடைக் கம்ப்யூட்டர்களை அணைத்தாயிற்று. பெரியவர் மட்டும் யுபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் வெளியூர். நானும், பத்திரிகை மடிக்க வரும் பையனும் இருட்டில் உட்கார்ந்து மழை விடக் காத்திருந்தோம். பையன் திடீரென்று சொன்னான்:

“அக்கா, அந்த மவுஸு கண்ணடிக்குது.”

“என்னடா?”

“அங்கே பாருங்க. மங்கலா எரியுது. இப்போ பாருங்க... இந்தா. பளிச்சுன்னு அடிச்சிச்சு.”

அலமாரி மேல் கவிழ்ந்திருந்த மவுஸின் அடியிலிருந்து கசிந்த சிவப்பு வெளிச்சம் ஒரு நொடி அணைந்து, பளீரென்று எரிந்து, மெதுவாக மங்கியது. மொபைலில் வினாடி எண்ணினேன். 62. மறுபடி 62. அடுத்தது 61, என் விரல் முந்தியிருக்கும். பகல் வெளிச்சத்தில் கண்ணில் படாத சங்கதி. பையனுக்கு அது வேடிக்கை, அடுத்த அடிக்கு முன்பு “இப்போ... இப்போ...” என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

எனக்கு அப்போதுதான் புத்தி வந்தது. லூஸ் கனெக்ஷன் கடிகாரம் பார்த்து வராது. வயர் ஆடினால் பத்து நிமிடம் சும்மா இருக்கும், பிறகு ஒரே நிமிடத்தில் ஐந்து முறை அறும். 62 வினாடி பிசகாமல் வருவது ஒரு டைமர். பெரியவர் அதை வெட்டிவிடவில்லை, மவுஸ்தான் உள்ளே ஒரு கணக்கு வைத்துக்கொண்டு, அது முடிந்ததும் தன்னைத் தானே ரீசெட் செய்துகொள்கிறது. ஏன்? நேற்று அரை மணி நேரம் மட்டும் ஏன் செய்யவில்லை? நேற்று டெஸ்க்டாப் ஓடியது.

கரண்ட் வந்ததும் ஒரு சோதனை செய்தேன். எஸ்எஸ்ஹெச்சில் இரண்டு ஜன்னல். ஒன்றில் கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசெக்கை ஓட விட்டு வரி வர வர காட்டச் சொன்னேன். இன்னொன்றில், மவுஸ் அனுப்பும் தகவல் வரும் நிகழ்வுக் கோப்பை, முழு அனுமதி உள்ள ரூட் பயனராக ‘கேட்’ கட்டளையால் திறந்து வைத்தேன். அந்தக் கோப்பு டெவ் அடைவில் இன்புட் என்பதன் கீழே இருக்கும், எனக்கு ஈவன்ட் 5. பையனை மவுஸைக் கொஞ்சம் அசைக்கச் சொன்னேன். ஜன்னலில் கோணல் மாணலாகக் குப்பை எழுத்துகள் கொட்டின. சரி, திறந்திருக்கிறது. பிறகு இருவரும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தோம். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம். டிமெசெக் ஜன்னலில் ஒரு வரி இல்லை. சிவப்பு வெளிச்சம் மங்கியபடியே இருந்தது. ‘கேட்’டை நிறுத்தினேன். 62 வினாடி. பளிச். எட்டு வரி.

“யாரும் பார்க்கலைன்னா கோவிச்சுக்கிட்டுப் போயிடுது போலக்கா” என்றான் பையன். இதை விடச் சரியாக என்னால் சொல்ல முடியாது, ஆனாலும் கொஞ்சம் விளக்குகிறேன்.

யுஎஸ்பியில் சாதனம் தானாக வாய் திறக்காது. கம்ப்யூட்டர் கேட்க வேண்டும், அது பதில் சொல்ல வேண்டும். மவுஸை அசைத்தாயா, அசைத்தாயா என்று சுமார் பத்து மில்லிவினாடிக்கு ஒரு முறை கேட்டுக்கொண்டே இருப்பதுதான் நடைமுறை. லினக்ஸின் ஹெச்ஐடி டிரைவர் இதில் கொஞ்சம் சிக்கனக்காரர். அந்த மவுஸை ஏதாவது ஒரு புரோகிராம் திறந்து வைத்திருந்தால்தான் கேட்கத் தொடங்கும். யாருக்கும் வேண்டாத தகவலை எதற்குக் கேட்டுக்கொண்டிருப்பது என்ற நியாயம். டெஸ்க்டாப் ஓடும்போது அது மவுஸைத் திறந்து வைத்திருக்கும், கேள்வி போய்க்கொண்டே இருக்கும். நான் டெஸ்க்டாப்பை நிறுத்திய நாளோடு கேள்வியும் நின்றுவிட்டது. இந்த மவுஸின் சிப்போ, ஒரு நிமிடம் யாரும் கேட்கவில்லை என்றால் ஏதோ தொங்கிவிட்டது என்று நினைத்துத் தன்னைத் தானே ரீசெட் செய்துகொள்ளும் ரகம். ரீசெட் ஆனதும் கெர்னல் அதைப் புதுச் சாதனமாக வரவேற்று எட்டு வரி எழுதும். பிறகு மறுபடி யாரும் கேட்கமாட்டார்கள்.

அப்படியானால் கீபோர்ட் ஏன் சும்மா இருக்கிறது? கறுப்புத் திரையில்கூட கெர்னலின் கன்சோல் கீபோர்டைத் திறந்தே வைத்திருக்கும். ஒரு கீயை அழுத்தினால் எழுத்து வர வேண்டுமே. மவுஸுக்குத்தான் அங்கே ஆளில்லை.

நோய் தெரிந்துவிட்டால் மருந்து கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. விதிப்படி நடக்காத சாதனங்களுக்காகக் கெர்னலில் ‘குவர்க்’ என்று ஒரு பட்டியல் உண்டு. நம் ஊரில் “அவன் குணம் அப்படி, அனுசரிச்சுப் போ” என்போமே, அந்த மாதிரிச் சலுகைகளின் பட்டியல். அதில் ஒன்று ‘ஆல்வேஸ் போல்’. யாரும் திறக்காவிட்டாலும் கேட்டுக்கொண்டே இரு என்பது. 2014இல் ஒரு டச் ஸ்கிரீனுக்காகச் சேர்த்தார்கள். அப்புறம் வரிசையாக மவுஸ்கள் வந்து சேர்ந்தன. அந்த மவுஸ்களைச் சேர்த்தவர்கள் எழுதிய குறிப்பைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ரன்லெவல் 1இலும் 3இலும், அதாவது டெஸ்க்டாப் இல்லாத நிலையில், இவை நிமிடத்துக்கொரு முறை துண்டித்துக்கொள்ளும் என்று அப்படியே எழுதியிருக்கிறார்கள். ஒரு மவுஸை வைத்துக்கொண்டு நான் இரண்டு நாள் பட்ட பாட்டை ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

என் மவுஸின் எண் அந்தப் பட்டியலில் இல்லை. பரவாயில்லை, நாமே சேர்க்கலாம். யுஎஸ்பிஹெச்ஐடி என்ற மாட்யூலுக்கு (கெர்னலில் ஏற்றி இறக்கக்கூடிய துண்டு) ‘குவர்க்ஸ்’ என்று ஒரு அளவுரு உண்டு. அதில் விற்பனையாளர் எண், பொருள் எண், குவர்க்கின் மதிப்பு மூன்றையும் நடுவில் முக்காற்புள்ளி வைத்து எழுத வேண்டும். முதல் இரண்டும், யுஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளையை அடித்தால் மவுஸின் பெயருக்கு முன்னால் நான்கு நான்கு இலக்கமாகத் தெரியும். ஆல்வேஸ் போலின் மதிப்பு பதினாறடிமானத்தில் 400, நம் கணக்கில் 1024. மொத்தம் நான்கு சாதனங்கள் வரை இப்படிச் சேர்க்கலாம். பதினாறடிமான எண்களுக்கு முன்னால் பூஜ்யமும் எக்ஸும் போட மறக்காதீர்கள்.

சொல்வதற்கு இவ்வளவுதான். செய்வதற்குள் இரண்டு இடத்தில் விழுந்தேன்.

முதலாவது, மாட்யூலை இறக்கி ஏற்றினால்தான் புது அளவுரு பிடிக்கும் என்பதால், பெரியவரின் கீபோர்டிலேயே உட்கார்ந்து யுஎஸ்பிஹெச்ஐடியை இறக்கினேன். இறங்கியது. கீபோர்டும் அதே மாட்யூலில்தான் ஓடுகிறது என்பது அடுத்த கட்டளையை அடிக்கப் போன பிறகுதான் ஞாபகம் வந்தது. நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிக்கிளையை வெட்டிய கதை. நல்லவேளை, லேப்டாப்பும் எஸ்எஸ்ஹெச்சும் இருந்ததால் திரும்ப ஏற்றினேன். அப்படி ஏற்றியதும் மவுஸ் அடங்கிவிட்டது. செய்கிறவர்கள் இறக்குவதையும் ஏற்றுவதையும் ஒரே வரியில் சேர்த்து எழுதிவிடுங்கள், அதுவும் வேறு கம்ப்யூட்டரிலிருந்து.

இரண்டாவது, அமைப்புக் கோப்புகள் இருக்கும் ஈடிசியின் கீழே உள்ள மோட்ப்ரோப்-டி அடைவில் ஒரு கோப்பு எழுதி அளவுருவை அதில்தான் வைத்திருந்தேன். மாட்யூலை நானே ஏற்றியபோது பிடித்தது. பெட்டியை ரீபூட் செய்ததும் பழைய குருடி கதவைத் திறடி. காரணம் எளிது. பூட் ஆகும்போது யுஎஸ்பிஹெச்ஐடி மாட்யூல் இனிட்ராம்எஃப்எஸ் என்ற ஆரம்பப் பொட்டலத்திலிருந்தே ஏறிவிடுகிறது. அந்தப் பொட்டலத்தில் இருப்பதோ என் கோப்பு இல்லாத பழைய நகல். அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் ஓட்டிப் பொட்டலத்தைப் புதிதாகக் கட்டியதும் சரியானது. இந்த வம்பே வேண்டாம் என்றால் கெர்னலை எழுப்பிவிடும் கிரப்பின் கெர்னல் வரியில் மாட்யூல் பெயர், புள்ளி, அளவுரு என்று எழுதி, அப்டேட்-கிரப் அடித்தால் போதும். பிடித்ததா என்று பார்க்க சிஸ் அடைவில் மாட்யூல் பெயரின் கீழே அளவுருக்கள் இருக்கும். ‘குவர்க்ஸ்’ கோப்பைத் திறந்தால் நாம் எழுதியது முதலிலும், மீதி மூன்று இடம் காலியாகவும் தெரியும்.

“மவுஸைக் கழற்றி வெச்சா முடிஞ்சு போச்சு. அதுக்கு இவ்வளவா?” என்று வெளியூரிலிருந்து திரும்பிய வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. உங்களுக்கு மவுஸ் தேவையில்லை என்றால் அதைத்தான் செய்ய வேண்டும், இந்தப் பதிவைப் படிக்க வேண்டியதே இல்லை. எங்கள் கடையில் சிக்கல் வேறு. இங்கே கழற்றி வைத்த மவுஸ் வைத்த இடத்தில் இருக்காது. சீசனில் எந்தக் கம்ப்யூட்டரில் மவுஸ் மக்கர் செய்தாலும், சும்மா கிடப்பதை எடுத்துச் செருகிவிடுவார்கள். எனக்குத் திரையை மாட்டி டெஸ்க்டாப் தொடங்க வேண்டிய நாளில் மவுஸ் கிடைக்காது. பெரியவரில் செருகி இருக்கும் வரைதான் அதை யாரும் தொடமாட்டார்கள். இதை அவரிடம் சொன்னேன். “நான் எப்போ எடுத்தேன்?” என்றார்.

மவுஸ் அடங்கிய பிறகு லாக் எப்படி இருந்தது தெரியுமா? ஒரு நாள் முழுக்கக் கெர்னல் பேசியது பதினேழு வரி. அதில் பாதி, இரவு 2 மணிக்கு டிஸ்க் மவுன்ட் ஆனது, அன்மவுன்ட் ஆனது.

ஆறாவது நாள் இரவு நகல் மறுபடி நின்றது. மறுநாள் காலை டீயோடு உட்கார்ந்து லாகைத் திறந்தேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. 2 மணி 19 நிமிடத்தில் ஒரே ஒரு வரி, ‘யுஎஸ்பி 2-1: யுஎஸ்பி டிஸ்கனெக்ட்’. அதற்குக் கீழே டிஸ்கில் எழுத முடியவில்லை என்ற வரிகள். இரண்டு வினாடி கழித்து அதே டிஸ்க் வேறு பெயரில் திரும்ப வந்திருக்கிறது. ஸ்கிரிப்ட் பழைய பெயரைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறது. மறுநாள் இரவு புதிதாக மவுன்ட் செய்யும்போது சரியாகிவிடுவதால்தான் எனக்கு இத்தனை நாள் உறைக்கவில்லை.

பஸ் 2 என்பது யுஎஸ்பி 3 பக்கம். மவுஸ் இருந்தது பஸ் 1இல். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. மவுஸ் மேல் நான் போட்ட பழியைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

டிஸ்க் கழன்ற காரணம் சாதாரணமானது. இரண்டரை அங்குல டிஸ்குக்குத் தனி அடாப்டர் கிடையாது, போர்ட்டிலிருந்துதான் மின்சாரம். யுஎஸ்பி 3 போர்ட் 900 மில்லிஆம்பியர் வரை தர வேண்டும். ஆனால் பெரியவரின் முன்பக்கப் போர்ட் நேராக மதர்போர்டில் இல்லை. உள்ளே ஒரு மெல்லிய வயர் போய் ஒரு பின்னில் செருகியிருக்கிறது. பெட்டியைத் திறந்து பார்த்தால் அந்தப் பின் பாதி வெளியே எழும்பி நின்றது, மேலே ஒரு விரல் கனத்துக்குக் காகிதத் தூசி. அழுத்திச் செருகினேன். ஆனாலும் அதை நம்பவில்லை. டிஸ்கைப் பின்பக்கம், மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டுக்கு மாற்றி, கேபிளையும் குட்டையான புதிய ஒன்றாக மாற்றினேன். இது மட்டும் கடிகாரம் பார்க்காமல் வந்த லூஸ் கனெக்ஷன்.

இரண்டு மாதம் ஆகிறது, நகல் ஒரு நாளும் நிற்கவில்லை. ஜர்னலின் 50 எம்பி கட்டுப்பாட்டை 200 ஆக்கி வைத்திருக்கிறேன், அதில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்க்கக்கூட இல்லை. பையன் தினமும் சாயங்காலம் போகும்போது அலமாரிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இன்னிக்கும் அடிக்கலக்கா” என்று சொல்லிவிட்டுப் போகிறான். போன வாரம் நானும் ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். மவுஸின் இன்புட் எண் 6. கடைசியாக மின்தடைக்கு அணைத்து எழுப்பியதிலிருந்து இருபத்திரண்டு நாளாக அதே 6.